அண்ணி பூட்டிய டிராயர்

என் அண்ணியின் அலுவலக மேசையில் மூன்று டிராயர்கள். மேலே இருக்கும் இரண்டும் கம்பெனிக்குச் சொந்தம். கீழே இருப்பது எல்லோருக்கும் சொந்தம். தலைவலி மாத்திரை, ஊக்கு, பிஸ்கட் பாக்கெட், விதவிதமான போன் சார்ஜர், நாப்கின், சின்னக் கத்தரிக்கோல், யாரோ மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடி என்று அதில் இல்லாதது இல்லை. அண்ணி இருக்கையில் இல்லாதபோதும் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே அவருக்கு ‘டிராயர் அக்கா’ என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் காவலாளிக்குக்கூட ஆள் யாரென்று விளங்காது.

அவர் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவை ஆலை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் ஹோட்டல்களின் துண்டுகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். இயந்திரங்களில் புரண்டு, சூடான உருளைகளுக்கு நடுவே நசுங்கி, கடைசியில் மடிப்பு மேசைக்கு வந்து சேரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே செய்கிற வேலை. உள்ளே நுழைந்தாலே ஆவி முகத்தில் அடிக்கும். புதிதாகச் சேருகிறவர்களில் பாதிப் பேர் கால்வலி தாங்காமல் ஓடிப்போவார்கள். மடிப்பு மேசையின் மேற்பார்வையாளராகச் சேர்ந்த அண்ணி, படிப்படியாக உயர்ந்து பணியாளர் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனார்.

ஆலையின் மேலாளருக்கு அந்த டிராயர் ஆகவே ஆகாது. ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“நீங்க ரொம்ப இடம் குடுக்கறீங்க மேடம். நீங்க என்னதான் பாசமா இருந்தாலும் போறவங்க போயிட்டேதான் இருப்பாங்க. இல்லைன்னு சொன்னா கணக்கா காட்டுங்க, ஒத்துக்கறேன்.”

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தைத் தூக்கி எறிவார்கள். என் அண்ணி வணிக நிர்வாகத்தில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டார். நாற்பதைத் தாண்டிய வயதில், வேலையையும் விடாமல்.

தலைப்பைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மேற்பார்வையாளர் அக்கறையாக நடந்துகொண்டால், வேலையை விட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம் பணியாளர்களுக்குக் குறையும். இதுதான் அவர் நிரூபிக்க வேண்டிய கருதுகோள்.

“இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேற வேணுமா அண்ணி? என் மருந்துக்கடைக்கு வந்து நில்லுங்க, ஒரே நாள்ல சொல்லிடறேன்” என்றேன். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

“தெரியும்னு சொல்றது வேற, காட்டறது வேற நாத்தனாரே” என்றார் அண்ணி. அவருக்கு என்மேல் செல்லம் வந்தாலும் எரிச்சல் வந்தாலும் நான் நாத்தனார்தான்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணி, என் அண்ணன், நான். ஆராய்ச்சி தொடங்கிய சில மாதங்களிலேயே வீட்டில் ஒரு சட்டம் வந்தது. ‘எப்போ முடியும்?’, ‘எது வரைக்கும் வந்திருக்கு?’ என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்கிறவர் அன்றைக்கு எல்லாப் பாத்திரத்தையும் கழுவ வேண்டும். நான் வாயை அடக்க முடியாமல் பல நாள் கழுவியிருக்கிறேன். அண்ணன் ஒருநாளும் கழுவியதில்லை. ஏனென்றால் அவன் கேட்கவே மாட்டான். எதையும் கேட்காமல், எதையும் சொல்லாமல் செய்கிற பிறவி அவன்.

மின்கட்டண அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற அவனுடைய கைவரிசையை இந்த வீட்டில் எங்கு பார்த்தாலும் காணலாம். அறுந்துபோன என் செருப்பு, நான் சொல்லாமலே தைக்கப்பட்டு வாசலில் இருக்கும். ஆடிக்கொண்டிருந்த நாற்காலி ஒருநாள் ஆடாது. கேட்டால், “ஆமா, சரி பண்ணிட்டேன்” என்பான். அவ்வளவுதான் பேச்சு. இதில் ஒரு சங்கடமும் உண்டு. சரியாக இருப்பதையும் அவன் சரி செய்துவிடுவான். அண்ணி ஆசை ஆசையாகத் திரைச்சீலை வாங்கினார். தடித்த நூலால் தைத்த தையல் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி, அதுவே அழகு என்று, விலை கூடக் கொடுத்து வாங்கியது. மறுநாள் எல்லாத் திரைச்சீலைகளும் பின்பக்கமாகத் திரும்பித் தொங்கின.

“தையல் வெளிய தெரிஞ்சுது. மாட்டினவன் தப்பா மாட்டியிருக்கான்” என்றான் அண்ணன்.

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “இருக்கட்டும்” என்று விட்டுவிட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தத் திரைச்சீலைகள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் தொங்குகின்றன.

அண்ணியின் ஆராய்ச்சிக்குக் கேள்வித்தாள்தான் ஆதாரம். வாக்கியம் அச்சாகியிருக்கும், பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள். ஒன்று என்றால் ‘இல்லவே இல்லை’. ஐந்து என்றால் ‘முழுக்க முழுக்க ஆமாம்’. முன்பக்கம் மேற்பார்வையாளரைப் பற்றியது: என் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார், அவசரத்துக்கு ஷிப்டு மாற்றித் தருகிறார் என்பதைப் போல. கடைசிப் பக்கத்தில் நான்கு வாக்கியங்கள்: இந்த வேலையை விட்டுப் போக அடிக்கடி நினைக்கிறேன், வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று வரிசையாகப் போகும். பெயர் எழுத வேண்டாம். டிக் அடித்து, மூடிய பெட்டியில் போட்டால் போதும்.

தன் ஆலையில் மட்டும் கேட்டால் ஒருபக்கச் சாட்சி ஆகிவிடும் என்று, அண்ணி வேறு பல இடங்களுக்கு அலைந்தார். சலவைக் கூடங்கள், ஆஸ்பத்திரிச் சமையலறைகள், பொட்டலம் கட்டும் ஆலைகள். சில இடங்களில் வாசலோடு சரி. சில இடங்களில் சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் அனுமதி. ‘இதை எங்க முதலாளிகிட்டக் காட்டிடுவீங்களா?’ என்று பயந்தவர்களிடம் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். இப்படிச் சேர்ந்த தாள்கள் அட்டைப் பெட்டிகளில் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் குடியேறின.

அத்தனையையும் கணினியில் ஏற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து அண்ணிக்கு மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. கட்டோடு வந்து நின்றவரிடம், “நான் ஏத்தித் தரேன்” என்றான் அண்ணன். அலுவலகம் விட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு தாள்கூட மடங்காமல் ஏற்றி முடித்தான். அந்த வாரங்களில் பஸ்ஸில் போகும்போது அண்ணியின் பாடப் புத்தகத்தையும் படித்திருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியாது. அதையும் அவன் சொல்லவில்லை.

ஏற்றியதில் பிழை இருக்கிறதா என்று கொஞ்சம் தாள்களை உருவி ஒப்பிட்டுப் பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கமாம். அண்ணி பார்க்கவில்லை. மின்கட்டணத்தில் ஒரு பைசா இடித்தாலும் தூங்காத மனுஷன் ஏற்றியது. அதில் பிழை தேடுவதே அவனுக்கு அவமானம் என்று நினைத்துவிட்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கணக்குப் போட்ட அன்று அண்ணி பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி வந்ததைப் பார்க்க வேண்டும். பேயறைந்த மாதிரி முகம். அண்ணன் இன்னும் வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன அண்ணி?”

“அக்கறையா இருக்கிற மேற்பார்வையாளர்கிட்ட வேலை பாக்கறவங்கதான் அதிகமா போகணும்னு நினைக்கறாங்களாம். கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

“ஏதாவது தப்பா இருக்கும்.”

“எல்லாம் பாத்தாச்சு. மென்பொருள் பக்கத்துல மூணு நட்சத்திரம் போட்டுக் காட்டுது. தற்செயலா வர வாய்ப்பே இல்லைன்னு அர்த்தம். அந்த நாலு கேள்வியும் ஒண்ணுக்கொண்ணு முரண்படாம ஒத்துப்போகுது. தப்பு இருந்தா அங்கதான் உதைக்கும். உதைக்கவே இல்லை.”

குனிந்து செருப்பைக் கழற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அப்ப நான் இத்தனை வருஷமா ஆளுங்களை விரட்டிக்கிட்டா இருந்தேன்?”

ஒரு நல்ல மனுஷி தன் நல்ல குணத்தைச் சந்தேகப்படுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது கொடுமை. “உங்க அண்ணன்கிட்டச் சொல்லாத. பாவம், கஷ்டப்பட்டு ஏத்திக் குடுத்தாரு” என்று என் வாயையும் அடைத்துவிட்டார். அண்ணனோ, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, எதையும் கேட்கவில்லை.

இதில் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தவர் அண்ணியின் வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவர்தான். குதித்தது சந்தோஷத்தில்.

“இதுதாம்மா கண்டுபிடிப்பு! அக்கறை நல்லதுன்னு எல்லாரும் எழுதிட்டாங்க. கெட்டதுன்னு யாரு எழுதியிருக்கா? ஏன்னு மட்டும் விளக்கிடுங்க, பெரிய பத்திரிகைக்கே அனுப்பலாம்.”

‘அக்கறையின் இருண்ட பக்கம்’ என்று அவரே தலைப்பும் வைத்துவிட்டார். துறைக் கருத்தரங்கில் பேச நாளும் குறித்தாகிவிட்டது.

ஏன் என்று விளக்க வேண்டும். அண்ணி விளக்கினார். அங்கேதான் எனக்குப் படித்தவர்கள்மேல் பயமே வந்தது. எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு காரணம் எழுதிவிட முடிகிறது! அக்கறை காட்டினால் பணியாளருக்குத் தன்னம்பிக்கை வளர்கிறது. வளர்ந்ததும் இதைவிட நல்ல வேலைக்குப் போகலாம் என்று தோன்றுகிறது. அக்கறை ஒரு கடன். பட்ட கடன் உறுத்தும், உறுத்தினால் விலகத் தோன்றும். படிக்கப் படிக்க எனக்கே உண்மை என்று பட்டது. என்னிடம் நன்றாக நடந்துகொள்ளும் எங்கள் கடை முதலாளியைக்கூட ஒரு நாள் சந்தேகத்தோடு பார்த்தேன்.

எழுதியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அண்ணி அதை நம்பினார். மற்றவர்களுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி அவர். கணக்கு சொல்கிறது, ஆகவே மாற வேண்டும். கீழ் டிராயரைப் பூட்டினார். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஷிப்டு மாற்றம் கேட்டு வந்தால், “விதியில இடமில்லை” என்றார். சிரிப்பதை நிறுத்தினார். முடிவைக் கேள்விப்பட்ட மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. “நான் அப்பவே சொன்னேனே மேடம்” என்றவர், ஷிப்டு மாற்றிக்கொள்கிற வழக்கத்தையே ஆலை முழுக்க எடுத்துவிடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

வீட்டிலும் சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரை கேட்டு வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை என்னிடம் சொல்வார். சொல்லிவிட்டு, “போகட்டும், அவங்க நல்லதுக்குத்தான்” என்பார்.

மடிப்பு மேசையில் ஒரு பெண். அண்ணியே வேலைக்கு எடுத்தவள். விரிப்பை உதறி நான்காக மடிப்பதில் அவள் கைக்கு ஈடே இல்லை என்பார் அண்ணி. அவளுடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அதுவரை அண்ணி ஷிப்டு மாற்றிக் கொடுத்துச் சமாளித்து வந்தார். அந்தப் பெண்ணிடமும் “விதியில இடமில்லை” என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாளாம். மறுநாள் ராஜினாமாக் கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தாளாம். “வேற வழி தெரியலைக்கா. திங்கக்கிழமையோட நின்னுக்கறேன்.”

“பாத்தியா? அக்கறை காட்டினாலும் போறாங்க, காட்டலைன்னாலும் போறாங்க” என்று அண்ணி என்னிடம் சொன்னபோது, எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்று தெரியாத கோபம். அந்த மூன்று நட்சத்திரத்தின்மேல் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கருத்தரங்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து அண்ணி ஒத்திகை பார்த்தார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. ஒரு பக்கம் நான், பொதுஜனம். இன்னொரு பக்கம் அண்ணன், ராத்திரிச் சமையலுக்குப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். அவனைக் கேட்கச் சொல்லவில்லை, அவன்பாட்டுக்கு இருந்தான். கருத்தரங்கு எதைப் பற்றி என்பதுகூட அவனுக்கு அன்றுதான் தெரியும்.

அண்ணி எழுந்து நின்று மேடைத் தமிழில் ஆரம்பித்தார். “மேற்பார்வையாளரின் அக்கறை கூடக் கூட, பணியாளர்களின் வெளியேறும் எண்ணமும் கூடுகிறது என்பதே இந்த ஆய்வின் முடிவு.”

அண்ணன் பட்டாணியிலிருந்து தலையைத் தூக்கினான்.

“அது எப்படி? அஞ்சுன்னா போகமாட்டாங்கன்னுதானே அர்த்தம்?”

“என்ன அஞ்சு?” என்றார் அண்ணி.

“கடைசிப் பக்கத்துல நாலு கேள்வி இருந்துச்சே. அதைத்தான் நான் திருப்பிப் போட்டிருக்கேனே.”

“திருப்பியா?”

“உன் புக்லயே இருக்கு. எதிர்மறையா இருக்கிற வாக்கியத்தை எல்லாம் திருப்பிப் போடணும், ஒண்ணை அஞ்சாக்கணும், ரெண்டை நாலாக்கணும்னு. வேலையை விட்டுப் போறேன்னா அது எதிர்மறைதானே? உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு ஏத்தும்போதே செஞ்சுட்டேன்.”

நான் திரைச்சீலையைப் பார்த்தேன்.

புத்தகம் சொன்னது தப்பில்லை. நல்லதைப் பற்றிய வாக்கியங்களுக்கு நடுவே எதிர்ப்பதமாக ஒன்றிரண்டு கலந்திருந்தால்தான் அவற்றைத் திருப்ப வேண்டுமாம். இங்கே நான்குமே போவதைப் பற்றியவை. அண்ணி அளக்க நினைத்ததே போகும் எண்ணத்தைத்தான். அப்படியே விட வேண்டியதை அண்ணன் திருப்பிவிட்டான். இருக்கிறேன் என்றவர்கள் எல்லாம் கணினியில் போகிறேன் என்று நின்றார்கள். நான்கையும் சேர்த்தே திருப்பியதால் ஒன்றுக்கொன்று உதைக்கவும் இல்லை. நான்கு சாட்சிகள் கூடிப் பேசி ஒரே பொய்யைச் சொன்னால் எந்த நீதிபதிக்குத் தெரியும்?

அண்ணி நேரே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். பட்டாணித் தோலை ஒதுக்கிவிட்டுத் தாள்களை மேசைமேல் கொட்டினார். என்னைத் தாளைப் படிக்கச் சொல்லி, அவர் கணினியைப் பார்த்தார்.

“ஒண்ணு” என்றேன் நான்.

“அஞ்சு” என்றார் அண்ணி.

“ரெண்டு.”

“நாலு.”

“மூணு.”

“மூணு.” அது ஒன்றுதான் தப்பித்தது. மூன்றை எப்படித் திருப்பினாலும் மூன்றுதானே.

பெட்டிக்குப் பெட்டி எடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே கதை. பார்க்கப் பார்க்க அண்ணியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. மடிக்கணினியை இழுத்து, அந்த நான்கு கேள்விகளையும் பழையபடி மாற்றி, கணக்கை மறுபடி ஓட்டினார். திரையில் வந்தது அதே எண்தான். ஒரு புள்ளிகூட மாறவில்லை. முன்னால் மட்டும் ஒரு சின்னக் கழித்தல் கோடு. அக்கறை கூடினால் போகும் எண்ணம் குறைகிறது. நட்சத்திரம் மூன்றும் அப்படியே இருந்தன.

“அப்பாடா” என்றார் அண்ணி. மறுபடி, “அப்பாடா.” மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். தோளைத் தொட்டபோதுதான் அழுகையும் கலந்திருப்பது தெரிந்தது. எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த வீட்டில் இரண்டு மாதமாக யாரும் முழு மூச்சு விடவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் பட்டாணிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“ரெண்டு மாசமா இப்படி வந்திருக்கு, ஒரு வார்த்தை சொல்லலையே நீ?” என்றான் அண்ணியிடம்.

“ரெண்டு மாசமா நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே!”

“கேட்டா பாத்திரம் கழுவணும்னு சட்டம் இருக்கே.”

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அண்ணிக்கும் அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லது செய்ங்க, வேண்டாங்கல. சொல்லிட்டுச் செய்ங்க” என்றார். திட்ட வேண்டிய மனுஷியின் குரலில் திட்டே இல்லை. நிம்மதி அந்த அளவுக்கு இருந்தது.

எனக்குத்தான் ஒரு குறுகுறுப்பு. வாய் சும்மா இருக்குமா? “அண்ணி, உங்க சார் பெரிய பத்திரிகை, கருத்தரங்குன்னு குதிச்சுக்கிட்டு இருக்காரே. இது நமக்கு மட்டும்தான் தெரியும்...”

“அதைப் படிச்சுட்டு எங்க மேலாளர் மாதிரி எத்தனை பேர் எத்தனை டிராயரைப் பூட்டுவாங்க தெரியுமா?” என்றவர் சட்டென்று எழுந்து நின்றார். “ஐயோ, அந்தப் பொண்ணு! நாளைக்குத்தானே கடைசி நாள்?”

மறுநாள் அவர் பல்கலைக்கழகத்துக்கு முதலில் போகவில்லை. முதல் ஷிப்டுக்கு மணி அடிக்கும் முன்பே ஆலை வாசலில் போய் நின்றார். அந்தப் பெண் வந்ததும், கடிதத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

“நான் தப்பா நடந்துக்கிட்டேன்மா. உனக்கு ஷிப்டு மாத்தித் தரேன். அம்மாவைப் பாத்துக்கோ. இருக்கறதும் போறதும் உன் இஷ்டம்தான். ஆனா என்னால போகக் கூடாது.”

“உங்களுக்கு என்னக்கா ஆச்சு இத்தனை நாளா?” என்று கேட்டாளாம் அவள். “உடம்பு சரியில்லையோன்னு நாங்க எல்லாம் பயந்துட்டோம்.”

“கணக்குல ஒரு தப்பு.”

“அவ்வளவுதானா?” என்று சொல்லிவிட்டு, கடிதத்தை நான்காக மடித்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாளாம். மடிப்பு மேசைக்காரிதானே.

அதற்கு அப்புறம்தான் பேராசிரியர். நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார் அண்ணி. கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பெரிய பத்திரிகை கண்ணெதிரே பறந்துபோவதைப் பார்த்திருப்பார், பாவம்.

“ஏத்தினதை ஒப்பிட்டுப் பாத்தீங்களான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா. எதிர்பாக்காத முடிவு வந்ததுமே கேட்டிருக்கணும். பிடிச்சுப்போச்சு, கேக்கலை” என்றாராம். ஒரு பேராசிரியர் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்ததை அண்ணி முனைவர் பட்டத்தைவிடப் பெரிதாகச் சொல்வார். கருத்தரங்கு ரத்தானது. அவரிடம் படிக்கிறவர்கள், வீட்டு மனிதர்களை வைத்துத் தரவு ஏற்றக் கூடாது என்று புதுச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டுச் சட்டத்தை நாங்கள் எடுத்துவிட்டோம். இப்போது யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பாத்திரத்தை அண்ணன்தான் கழுவுகிறான். தண்டனையா, அவனே சரி செய்துகொண்டதா என்று தெரியவில்லை.

இருண்ட பக்கத்தைப் பற்றி எழுதிய அத்தனை பக்கங்களையும் அண்ணி அழித்துவிட்டு, மறுபடி எழுதினார். இந்தத் தடவை எல்லாமே சாதாரணமாக இருந்தது. எல்லோரும் எதிர்பார்த்த முடிவு, எல்லோரும் சொல்லியிருக்கும் காரணம். மேலாளரிடம் ஒரு பிரதியைக் கொண்டுபோய் வைத்தபோது, “அப்ப முதல்ல சொன்னது?” என்று கேட்டிருக்கிறார். “அது தப்பு சார். இதுதான் கணக்கு. ஒத்துக்கறேன்னு சொன்னீங்களே” என்றாராம் அண்ணி. ஷிப்டு மாற்றத்தை எடுக்கும் பேச்சு அதோடு நின்றது. அவர் ஒத்துக்கொண்டதாக வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மறுபடி பூட்டாமல் கிடந்த கீழ் டிராயரிலிருந்து ஒருநாள் அவரே வந்து தலைவலி மாத்திரை எடுத்துக்கொண்டு போனதை மடிப்பு மேசையே பார்த்தது.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். யாரும் போய் உட்காரலாம். நாங்களும் போனோம். அண்ணனும் நானும் நடுவில். மடிப்பு மேசையிலிருந்து அந்தப் பெண்ணும் இன்னும் சிலரும், ஷிப்டு மாற்றிக்கொண்டு, கடைசி வரிசையில். அண்ணி கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு மேடைக்குப் போனார். நன்றாகவே பேசினார். ஏற்றியதை ஒப்பிட்டுப் பார்க்காததில் நேர்ந்த பிழையையும் மறைக்காமல் சொன்னார். அண்ணன் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் களைத்துப் போயிருந்தார்.

“எல்லாம் முறைப்படி செஞ்சிருக்கீங்கம்மா, குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு கேள்வி. மேலதிகாரி அன்பா நடந்துக்கிட்டா ஆளுங்க வேலையை விட்டுப் போகமாட்டாங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே? இதுல புதுசா என்ன இருக்கு?”

நான்கு வருடம் முன்பு நான் கேட்ட அதே கேள்வி. பேராசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி யோசிக்கவே இல்லை. மேடைத் தமிழையும் விட்டுவிட்டார்.

“எனக்கும் தெரியும்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன் சார். ஒரு கணக்கு வேற மாதிரி சொன்னதும் விட்டுட்டேன். ரெண்டு மாசம் எனக்கு அது தெரியாம இருந்துச்சு. அப்ப நான் எப்படி இருந்தேன்னு, அதோ, கடைசி வரிசையில உக்காந்திருக்காங்களே, அவங்களைக் கேளுங்க.”

தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மடிப்பு மேசைப் பெண் எழுந்து நின்று, யாரும் கேட்காமலே, “அக்கா திரும்பவும் அப்படி ஆகிடாம பாத்துக்கங்க சார்” என்றாள்.